குங்குமம் வைத்த பெட்டியும் வைக்காத பெட்டியும்

உயிரணுக்களுக்குப் பதிகம் பாடி வளர்த்த அம்மையார் என்று, நான் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஜெலாப்பாங் ஆய்வுக்கூடத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. சென்ற மாதம் அங்கே உயிரணுக்களுக்குத் தானாகவே உணவு மாற்றும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அதை முடுக்கி வைக்க என்னை அழைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, எந்தப் பாட்டுக்கு செல் நல்லா வளரும்?" என்று கேட்டார்கள். ஒருத்தி பதிவு செய்துகொள்ளக் கைப்பேசியை என் வாயருகே நீட்டினாள். இயந்திரத்துக்கும் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததோ என்னவோ, நான் அறியேன். கதை இன்னும் வளர்வதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது என்று தோன்றிற்று. எழுத அமர்ந்தபோது பாட்டைப் பற்றிய செய்தி ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. மற்றவை தாமாக வந்து சேர்ந்தன.

நான் உயிரணுக்களுக்காகப் பாடவில்லை. கடிகாரத்துக்காகப் பாடினேன். தட்டின் அடியில் ஒட்டி வளரும் உயிரணுக்களைப் பெயர்த்தெடுக்க ஒரு நொதிநீரை ஊற்ற வேண்டும். சற்று முன்னதாக நிறுத்தினால் அவை அசையமாட்டா. சற்றுத் தாமதித்தால் நொதி அவற்றையே தின்றுவிடும். தூய காற்று வீசும் கண்ணாடி மேடைக்குள் இரு கைகளையும் நுழைத்த பிறகு, அவற்றை வெளியே எடுத்துக் கடிகாரத்தைத் தொடலாகாது. சிறுவயது முதல் நான் மனனம் செய்திருந்த பதிகமொன்றின் முதற்பாட்டை நிதானமாகப் பாடி முடித்தால், நொதியின் நேரமும் சரியாக முடியும். இறைவன் திருநாமத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருப்பதை நான் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன். ஒருநாள் பாட்டில் மனம் உருகி ஓரடியை இருமுறை பாடிவிட்டேன். என் மேலதிகாரி டாக்டர் யாப் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சிவகாமி, இன்னைக்கு சாமி மேல பாசம் கூடிப்போச்சு லா. செல்லு எல்லாம் செத்துக் கெடக்கு."

அன்று முதல் ஆய்வுக்கூடத்தில் உருகாமல் பாடப் பழகினேன். உருகுவதை வீட்டுப் பூசையறைக்கு ஒதுக்கிவைத்தேன்.

நான் செமோருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பின்னர் ஈப்போவில் மேற்படிப்பு, அதன்பின் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலப் பணி. அங்கே கற்றது ஒன்றே ஒன்று: குழாயில் இருப்பதை மட்டும் சொல், குழாயின் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லாதே. நடுவயதில்தான் இந்தத் தனியார் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு மாடி, கீழே டயர்க்கடை. நுண்ணோக்கியில் படம் எடுக்கும் நேரத்தில் கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமினால், மேலே மூளையின் உயிரணுக்கள் எல்லாம் உறுமி மேளத்துக்கு ஆடுவதுபோல் ஆடும். படம் எடுக்குமுன் ஒருவர் மாடிப்படியில் நின்று, டயர்க்கடை முதலாளியை நோக்கி, "தவுக்கே, ஸ்டோப்!" என்று கூவுவது எங்கள் செயல்முறையில் ஒரு படியாகவே இருந்தது.

டாக்டர் யாப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய தந்தை ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர். மகன் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்து, கடைக்கு வந்த பால்மரத் தொழிலாளிகளிடம் தமிழ் கற்றார். ஆகவே அவருடைய தமிழில் மூன்று இயல்புகள் இருந்தன. முதலாவது, அதில் 'நீங்கள்' என்ற சொல் கிடையாது; ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவரையே, "நீ உக்காரு, காப்பி குடி" என்று உபசரித்தவர். இரண்டாவது, உயிரணுக்கள் யாவும் அவருக்குச் சரக்கு: "இந்தச் சரக்கு பழசு, வீசிடு." மூன்றாவது, மகிழ்ச்சியிலும் வருத்தத்திலும் அவர் வாயிலிருந்து இயல்பாக உதிரும் ஒரு சொல். அது தோட்டத்தில் எருமைகளை விரட்டும்போது மட்டும் சொல்லப்படுவது. அதன் பொருளை அவருக்கு விளக்கும் துணிவு எனக்கு இறுதிவரை வரவில்லை.

ஆனால் அவர் அதிகம் சொன்ன சொல் அதுவன்று. "கன்ட்ரோல் எங்க?" என்பதே. ஒரு தட்டில் மருந்தை இட்டால், மருந்து இடாத மற்றொரு தட்டை அதே முறையில் அதன் பக்கத்தில் வளர்க்க வேண்டும். அப்போதுதான் மாற்றம் மருந்தால் வந்ததா, தானாக வந்ததா என்பது விளங்கும். அந்த இரண்டாம் தட்டுக்கே கன்ட்ரோல் என்று பெயர். டாக்டர் இதை ஆய்வுக்கூடத்துக்குள் நிறுத்திக்கொள்ளவில்லை. புந்தோங் கச்சாங்தான், அந்த ஊர் வேர்க்கடலைதான், உலகிலேயே சிறந்தது என்று யாரோ சொன்னபோது, "வேற ஊரு கச்சாங் தின்னியா? கன்ட்ரோல் எங்க?" என்றார். சொன்னவர் அடுத்த வாரம் வேறு ஊர்க் கச்சாங்கும் வாங்கிவர நேர்ந்தது.

இனி எங்கள் ஆராய்ச்சி. பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மடிந்துவிடுகின்றன. அதனால் கை நடுங்கும், நடை தயங்கும், குரல் தாழும், முகம் சிரிக்க மறக்கும். மாத்திரை அந்தப் பொருளை ஓரளவு ஈடுசெய்கிறது, மடிந்தவற்றை மீட்பதில்லை. ஆனால் மூளையில் நரம்பணுக்களைப் பேணிக் காக்கும் விண்மீன் வடிவ உயிரணுக்கள் ஏராளமாக உண்டு. நோயுண்டாக்கும் ஆற்றல் நீக்கப்பட்ட வைரஸ் ஒன்றில் சில மரபுக் கட்டளைகளை ஏற்றி, இந்த விண்மீன் உயிரணுக்களுக்குள் அனுப்பி, அவற்றை டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்களாகவே மாற்றிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. கட்டளை போய்ச் சேர்ந்த உயிரணுவைக் கண்டுகொள்ள, அதனுடன் பச்சை ஒளி வீசும் ஓர் அடையாளமும் சேர்த்து அனுப்பப்படும். எலிக்குட்டிகளின் மூளையிலிருந்து எடுத்த உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து இதைச் செய்துகொண்டிருந்தோம்.

இந்த நோய் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் கணவர் ஆயர் தாவார்ப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை வாழ்நாளெல்லாம் ஓட்டியவர். அவருடைய வலக்கை பீடி சுற்றுவதுபோல் தானாக அசையத் தொடங்கியபோது, அவர் முதலில் லாரியின் மீதுதான் குற்றம் சொன்னார். நோயின் பெயர் தெரிந்த நாளில் நான் எங்கள் ஆராய்ச்சியை அவருக்குத் தோட்டக் கணக்கில் விளக்கினேன்: பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டும் ஆட்கள் இறந்துபோனார்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் ஆயாக்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்துப் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நிறுத்துகிறோம்.

அவர் கேட்டார்:

"ஆயா எல்லாம் மரம் வெட்டப் போயிட்டா, பிள்ளைய யாரு பாத்துக்குவா?"

மறுநாள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் மொத வாரத்துல இதத்தான் கேப்பாங்க. பதில் தெரிஞ்சா எனக்கும் சொல்லச் சொல்லு" என்றார்.

என் கணவருக்கு நடுக்கத்தைவிடப் பெரிய துயரம் ஒன்று இருந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மனின் ரதம் லாரியின் மீது கட்டப்பட்டு வலம் வரும். அந்த லாரியை ஆண்டுதோறும் ஓட்டியவர் அவர். கை நடுங்கத் தொடங்கியதும் கோயில் நிர்வாகம் சாவியை என் தம்பி முனியாண்டியிடம் கொடுத்துவிட்டது. முனியாண்டி தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவன், நல்லவன், ஆனால் வாய் சும்மா இராது. "மச்சான், ஒங்களுக்கு கியரு போட வேணாம், கை தானா போட்டுக்கும்" என்பான். அவர், "நீ ஓட்டுனா அம்மனுக்கு வாந்தி வரும்டா" என்பார். இருவரும் சிரிப்பார்கள். திருவிழா முடிந்த இரவு அவர் மட்டும் சாப்பிட மாட்டார்.

ஓர் ஆண்டு ஆயுத பூசை வந்தது. தோட்டத்தில் ரப்பர் ஆலை இயந்திரங்களுக்கும், வெட்டுக்கத்திக்கும், கணக்கெழுதும் கிராணியின் சைக்கிளுக்கும் குங்குமம் வைத்துப் பழகிய பரம்பரை நாங்கள். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஹேமாவும் நானும் எங்கள் அடைகாக்கும் பெட்டிகள் இரண்டுக்கும் பூசை செய்ய அனுமதி கேட்டோம். உயிரணுக்கள் உடற்சூட்டில் வளரும் பெட்டிகள் அவை. புகை அறைக்குள் வராது, பூ வைக்கமாட்டோம், குங்குமமும் சந்தனமும் வெளிக்கதவில் மட்டும், தேங்காய் கீழே டயர்க்கடை வாசலில் உடைபடும் என்று முன்கூட்டியே வாக்களித்தோம். டாக்டர் யோசித்துவிட்டு அனுமதித்தார்.

"ஒரு பொட்டிக்குப் பண்ணு. இன்னொண்ணு கன்ட்ரோல்."

இது என்னைச் சங்கடத்தில் ஆழ்த்திற்று. இறைவனைச் சோதனைக்கு உட்படுத்துவது அடியாருக்கு அழகன்று. அதைவிட, சோதனையின் அமைப்பிலேயே எனக்கு ஐயம் இருந்தது.

"டாக்டர், சாமி இல்லாத எடமே கெடையாது. பூசை பண்ணாத பொட்டியில இருந்து அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரா?"

"அப்ப ரெண்டுக்குமே வேணாம் லா. அவருதான் ஏற்கெனவே உள்ள இருக்காரே."

"பூசை அவருக்கில்ல டாக்டர், நமக்கு."

"சரி. ஒனக்கு ஒரு பொட்டி. எனக்கு ஒரு பொட்டி."

முதல் பெட்டிக்குப் பூசை நடந்தது. டயர்க்கடைத் தவுக்கே தம்முடைய காற்றடிக்கும் இயந்திரத்துக்கும் ஒரு பொட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டாம் பெட்டி வெறும் நெற்றியோடு நின்றது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஹேமா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சில வாரங்கள் கழிந்து ஒருநாள் முற்பகல், நுண்ணோக்கி அறையிலிருந்து ஹேமா வீறிட்டாள். பாம்பு என்று எண்ணிக் கீழேயிருந்து தவுக்கே இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். கட்டளை இட்ட தட்டில், இருட்டுக்கு நடுவே, நீண்ட கிளைகளை விரித்துப் பச்சையாய் ஒளிர்ந்துகொண்டிருந்தன நரம்பணுக்கள். விண்மீன்கள் அல்ல, ஐயத்துக்கு இடமில்லாத நரம்பணுக்கள். முகக்கவசத்துக்குள் என் வாய் தானாகவே பாடத் தொடங்கிவிட்டது. அப்போது நொதி எதுவும் ஊற்றப்பட்டிருக்கவில்லை.

டாக்டர் வந்தார். நெடுநேரம் பார்த்தார். எருமைச் சொல்லை மெல்லிய குரலில், ஒரு மந்திரம்போல் உச்சரித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கன்ட்ரோல் எங்க?"

ஹேமாவின் முகம் மாறியது. கன்ட்ரோல் தட்டுகள் இரண்டாம் பெட்டியில் இருந்தன. திறந்து பார்த்தோம். அந்தப் பெட்டிக்கு வாயு செலுத்தும் குழாய், கடைசியாக உணவு மாற்றிய பின் எப்போதோ கசிந்து, உயிரணுக்கள் யாவும் மடிந்து மிதந்தன.

"ஏன் எல்லா நல்ல தட்டும் ஒரு பொட்டியில, எல்லா கன்ட்ரோலும் இன்னொரு பொட்டியில?"

ஹேமா தலைகுனிந்து நின்றாள். "டாக்டர்... பூசை பண்ணாத பொட்டியில நல்ல தட்ட வைக்க மனசு வரல."

டாக்டர் நாற்காலியில் அமர்ந்தார். "இப்ப இது வைரஸ் வேலையா, குங்குமத்து வேலையா? எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னன்னு எழுதுறது?"

முதல் பெட்டியை ஒழுங்குபடுத்தப் போன ஹேமா, மேல்தட்டின் மூலையில் எங்கள் இருவருடையதும் அல்லாத சில தட்டுகள் இருப்பதைக் கண்டு, அவற்றின் மீதிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். டாக்டர் தம் கைப்பட வளர்த்துவந்த தட்டுகள் அவை. பூசைக்கு முந்தைய நாள்வரை இரண்டாம் பெட்டியில் இருந்தவை.

"அங்க எடம் பத்தல" என்றார் டாக்டர். இரண்டாம் பெட்டி பாதி காலியாக இருந்தது.

குழாயைச் சரிசெய்துவிட்டு, சோதனையை மீண்டும் முதலிலிருந்து செய்வது என்று முடிவாயிற்று. இம்முறை கட்டளை இட்ட தட்டிலும் இடாத தட்டிலும் பாதி குங்குமப் பெட்டியில், பாதி வெறும் பெட்டியில். ஆகக் குவியல் நான்கு. முடிவு தெரியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்றார் டாக்டர். நான் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று மாலை என்னைக் காரில் வீட்டில் இறக்கிவிட்ட ஹேமாவிடம், வாசலில் நின்ற என் கணவர், "என்னா புள்ள, மொகம் இப்படிப் பளிச்சுனு இருக்கு?" என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இது வெறும் தட்டுதான்; மெய்யென்றே ஆனாலும் அடுத்து எலி, அதன்பின் எவ்வளவோ ஆண்டுகள், அதன்பின்தான் மனிதர் என்று நான் அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"எலிக்கு முன்னாடி எனக்கே போடச் சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன். எலி எங்க கையெழுத்துப் போடப்போவுது?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலில் ஒலிவாங்கியை வாங்கி, மருந்து வந்துவிட்டது, வரும் திருவிழாவில் ரதத்தை நான்தான் ஓட்டுவேன் என்று அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். கோயில் தலைவர் கண்கலங்கி, முனியாண்டியின் சட்டைப்பையிலிருந்த லாரிச் சாவியைத் தாமே எடுத்து அவர் கையில் வைத்தார்.

மறுநாள் காலையிலேயே முனியாண்டி என் வீட்டுக்கு வந்துவிட்டான். அன்று அவன் வாயில் கேலி இல்லை.

"அக்கா, ரதத்துக்கு முன்னாடி புள்ளகுட்டி எல்லாம் நடந்து வருது. மச்சானுக்குக் கால் பிரேக்குலயே ஒட்டிக்கிட்டா தா பா லா, பரவால்ல, வண்டி நின்னுரும். எண்ணெ பெடல்ல ஒட்டிக்கிட்டா?"

உள்ளேயிருந்து அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஒங்க அக்காவோட டாக்டர் வந்து அவரு வாயால இது பொய்னு சொல்லட்டும். சாவியக் குடுத்துர்றேன். அதுவரைக்கும் எவனும் கேக்கக்கூடாது."

அதன்பின் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் உருத்திராட்சத்துக்குப் பக்கத்தில் அணிந்துகொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

அந்த வாரங்களில் என் நிலையை யாருக்கும் சொல்ல இயலாது. தட்டுகளுக்கு உணவு மாற்றும் முறை இது: பழைய நீரை ஓரத்திலிருந்து உறிஞ்ச வேண்டும், புதிய நீரைத் தட்டின் சுவர்வழியே ஒழுகவிட வேண்டும், உயிரணுக்களின் தலையில் ஊற்றக்கூடாது. ஊற்றினால் பெயர்ந்துவிடும். உறங்கும் குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல் செய்ய வேண்டும். அந்த நான்கு குவியலுக்கும் அவ்வாறே செய்தேன். எதுவும் மற்றதைவிட ஒரு துளி கூடுதலாகப் பெறவில்லை; குறையவும் இல்லை. ஆனால் பூசையறையில் அமர்ந்தால் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. கட்டளை மெய்யாக இருக்கட்டும் என்று வேண்டினால், நடுங்கும் கையோடு அவர் லாரியில் ஏறுவார். குழந்தைகள் முன்னால் நடப்பார்கள். பொய்யாக இருக்கட்டும் என்று வேண்ட எந்த மனைவியால் முடியும்? பதிகம் பாடியவர்கள் எல்லாரும் எதையோ கேட்டே பாடியிருக்கிறார்கள்; நான் மட்டும் எதுவும் கேளாமல், "காட்டு" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

பார்க்கும் நாள் வந்தது. கீழே தவுக்கே தாமாகவே இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாடிப்படியில் வந்து அமர்ந்திருந்தார். ஹேமா தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். குங்குமப் பெட்டியில் வளர்ந்த, கட்டளை இட்ட தட்டு: பச்சை நரம்பணுக்கள். வெறும் பெட்டியில் வளர்ந்த, கட்டளை இட்ட தட்டு: பச்சை நரம்பணுக்கள். பிறகு குங்குமப் பெட்டியின் கன்ட்ரோல். அதில் கட்டளை கிடையாது. வெறும் பச்சை அடையாளம் மட்டும். அதிலும் நீண்ட கிளைகளோடு பச்சை நரம்பணுக்கள். வெறும் பெட்டியின் கன்ட்ரோலிலும் அவ்வண்ணமே.

நான்கிலும் ஒரே காட்சி. யாரும் எதுவாகவும் மாறவில்லை. எலிக்குட்டியின் மூளையிலிருந்து உயிரணுக்களை எடுத்தபோதே சில நரம்பணுக்கள் அவற்றோடு கலந்து வந்திருக்கின்றன. பச்சை அடையாளம் விண்மீன்களுக்குள் மட்டும் எரியும் என்று நம்பினோம். அது கசிந்து இவற்றுக்குள்ளும் எரிந்திருக்கிறது. முன்பே இருந்தவர்களைப் பார்த்துத்தான் புதிதாகப் பிறந்தவர்கள் என்று ஹேமா வீறிட்டாள், நான் பாடினேன்.

டாக்டர் நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். எருமைச் சொல் வரவில்லை. எழுந்துபோய் எங்கள் எல்லாருக்கும், தவுக்கேவுக்கும் சேர்த்து, தம் கையாலேயே காப்பி கலக்கிக் கொண்டுவந்தார். நான் பணியிலிருந்த காலம் முழுவதும் அவர் அதைச் செய்தது அன்று ஒருநாள்தான். சர்க்கரை போட மறந்திருந்தார். எல்லாரும் குடித்தோம்.

"ஒன் வீட்டுக்காரருக்கு நானே வந்து சொல்றேன்" என்றார்.

அன்று மாலையே புந்தோங் கச்சாங் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் அவரைக் கண்டதும் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"நான் ராத்திரி முழிச்சிருக்கறப்ப தெருவுல ஒரு வீட்டுல வெளக்கு எரியுது" என்று தொடங்கினார் டாக்டர். "புதுசா ஆளு குடிவந்துட்டாங்கன்னு நெனச்சேன். கதவத் தட்டிப் பாத்தா பழைய ஆளுதான். வெளக்கு மட்டும் புதுசு."

"கரண்டு பக்கத்து வீட்டுல இருந்து இழுத்திருக்கு" என்றார் என் கணவர்.

"அதேதான்."

"அப்ப யாரும் புதுசா வரலியா?"

"வரல."

என் கணவர் கச்சாங்கை உடைக்க முயன்றார். விரல் ஒத்துழைக்கவில்லை. டாக்டர் ஒன்றை உடைத்து அவருடைய தட்டில் வைத்தார். அடுத்ததை உடைத்துத் தாம் தின்றார். அடுத்ததை மீண்டும் அவருடைய தட்டில் வைத்தார்.

"சொல்லாம விட்டிருந்தா ஒனக்குப் பேரு வந்திருக்கும் இல்ல?" என்று கேட்டார் என் கணவர்.

"வந்திருக்கும். எங்கப்பா தராசுல கட்டை விரல வச்சதே இல்ல லா. வச்சிருந்தா நாங்க பெரிய வீடு கட்டியிருப்போம்."

என் கணவர் சிரித்தார். நோய் அவருடைய முகத்திலிருந்து எடுத்துச் சென்ற சிரிப்பு சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஆனால் சாவியைக் கழற்றவில்லை. முனியாண்டி வந்து கேட்டபோதும் தரவில்லை. "மைக்குல சொல்லி வாங்குனது. மைக்குல சொல்லித்தான் குடுப்பேன்" என்றார். திருவிழாவரை முனியாண்டியும் நானும் நிம்மதியாக உறங்கவில்லை.

இளையவர்கள் இதைப் படிக்கும்போது, இன்று ஆய்வுக்கூடத்தில் விண்மீன் உயிரணுக்களுக்கு முதலிலேயே அழியாத அடையாளம் இட்டுவிட்டு, அதன்பிறகுதான் கட்டளை அனுப்புகிறோமே, அது எப்போது தொடங்கிற்று என்று கேட்பார்கள். அந்தக் கசப்புக் காப்பிக்கு அடுத்த நாள் தொடங்கிற்று. உண்மையாக மாறியவை மிகச் சிலவே என்று இப்போது தலைமை ஏற்றிருக்கும் ஹேமா சொல்கிறாள். சிலவே ஆயினும் அவை புதியவை. எலிகளிலும், உலகின் வேறு கூடங்களிலும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. என் கணவர் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். பெட்டிகள் இரண்டுக்கும் இப்போது ஆயுத பூசை உண்டு. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஒப்பிடுவதற்குத் தடையில்லை என்று டாக்டர் தீர்ப்பளித்தார்.

திருவிழா நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

பிற்பகல் வெயில் தணிந்திருந்தது. லாரி முழுவதும் பூ, நடுவே அம்மன், முன்னால் உறுமி மேளக்காரர்கள், அவர்களுக்கும் முன்னால் மஞ்சள் உடையில் குழந்தைகள். என் கணவர் வெள்ளை வேட்டியில் வந்து தலைவரிடம் ஒலிவாங்கியைக் கேட்டார். அவருடைய குரல் தாழ்ந்துவிட்டதால் தலைவர் ஒலியைக் கூட்ட, கருவி ஒருமுறை கீச்சிட்டது.

"அன்னைக்கு மருந்து வந்திருச்சுன்னு சொன்னேன். வரல. டாக்டர் தேடிக்கிட்டு இருக்காரு. வந்தா நானே சொல்றேன். இந்த வருசம் முனியாண்டி ஓட்டுவான்."

உரை முடிந்ததென்று எண்ணிப் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அவர்களை மற்றவர்கள் அடக்கினார்கள். அவர் கழுத்துக் கயிற்றைத் தலைவழியாக எடுத்து, சாவியைப் பிடித்தபடி கையை நீட்டினார். நீட்டிய கை நின்றுவிட்டது. விரல்கள் திறக்கவில்லை. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயர் கையில் கற்பூரம் சிறுத்துக்கொண்டே வந்தது. மேளக்காரர்கள் குச்சியைத் தாழ்த்தினார்கள். நான் ஓடிப்போய் விரல்களைப் பிரித்துவிடலாமா என்று ஓரடி வைத்தேன்.

முனியாண்டி என்னை ஒரு பார்வையால் நிறுத்தினான். சாவியை அவன் பிடுங்கவில்லை. தன் உள்ளங்கையை அவருடைய கைக்குக் கீழே ஏந்தி, அப்படியே நின்றான்.

"அவசரமில்ல மச்சான். ஆத்தா எங்க போயிருவா? சாவி நம்மகிட்டதானே இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது விரல்கள் விட்டன. சாவி விழுந்தது.

அதன்பின் அவர் என்னருகே வந்து நிற்பார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. லாரியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், இடப்பக்க இருக்கையின் கதவைத் திறந்தார். இருவர் தாங்கி ஏற்றிவிட்டார்கள். மேளம் முழங்கிற்று, ரதம் நகர்ந்தது, நான்கு வீடு கடந்ததும் நின்றது. பழுதோ என்று நாங்கள் பதறிப் பார்த்தோம். முனியாண்டி எஞ்சினை நிறுத்தி, தலையைச் சாய்த்து, அவருடைய வாயருகே காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னா மச்சான்? கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"கிளட்ச்ச மெதுவா விடுறா. ஆத்தா தல ஆடுது."

ரதம் மீண்டும் நகர்ந்தது, மீண்டும் நின்றது. ஒவ்வொரு வளைவிலும் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தது. ஒவ்வொரு முறையும் முனியாண்டி வண்டியை நிறுத்தித்தான் கேட்டான். அந்த ஆண்டு அம்மன் எங்கள் தெருக்களில் வழக்கத்தைவிட நெடுநேரம் தங்கினாள். எந்த வீட்டு வாசலிலும் அவசரமாகக் கடந்து போகவில்லை.